விண்வெளியிலிருந்து வீட்டுக்கு வந்த நாய்கள்

தெருவில் திரிந்த நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டில் பால் வைக்கிறீர்கள். பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போட்டுப் படுக்க இடம் செய்கிறீர்கள். அடுத்தபடியாக வீட்டிலுள்ள எல்லோரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "இதற்கு என்ன பெயர் வைக்கலாம்?" அந்த நாய்க்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. டீக்கடைக்காரர் ஒரு பெயர் சொல்லி ரொட்டித் துண்டு போட்டிருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறொரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர்களெல்லாம் என்ன ஆகின்றன? புதுப் பெயரை நாய் எவ்வாறு தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது? புது வீட்டை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது?

இக்கேள்விகளுக்கு விடை தேட உங்களைச் சற்றுத் தொலைவான ஓர் இடத்துக்கு அழைத்துச் செல்கிறேன். 1950-களிலும் 1960-களிலும் மாஸ்கோ நகரத்துத் தெருக்களில் அலைந்த நாய்கள் பல, சோவியத் விஞ்ஞானிகளால் பிடித்துச் செல்லப்பட்டு, பழக்கப்படுத்தப்பட்டு, ராக்கெட்டுகளில் வானுக்கு அனுப்பப்பட்டன. இந்தக் கதையை நம்மில் பெரும்பாலோர் லைக்காவோடு தொடங்கி லைக்காவோடு முடித்து விடுகிறோம். லைக்கா திரும்பி வரவில்லை. ஆனால் திரும்பி வந்த நாய்களும் உண்டு. அவற்றுள் சில, விஞ்ஞானிகளின் சொந்த வீடுகளிலேயே குடியேறின. தெருவில் ஒரு பெயர், ஆய்வுக்கூடத்தில் ஒரு பெயர், செய்தித்தாளில் ஒரு பெயர் என்று பல பெயர்களைத் தாங்கிய இந்த நாய்களின் வரலாறு, அறிவியல் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம்.

தெரு நாய் ஏன்?

மனிதன் வானுக்குப் போகுமுன் வேறோர் உயிரை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பதில் அமெரிக்கர்களுக்கும் ரஷ்யர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த உயிர் என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்கர்கள் 1948 முதலே குரங்குகளை ராக்கெட்டில் ஏற்றினார்கள். ரஷ்யர்கள் நாயைத் தேர்ந்தெடுத்தார்கள். இதற்குக் காரணம் அவர்கள் நாட்டின் உடலியல் மரபு. 1904-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லவ், தம் ஆராய்ச்சிகளைப் பெரும்பாலும் நாய்களைக் கொண்டே செய்தவர். நாயின் இதயம் எப்படித் துடிக்கும், அச்சத்தில் அதன் மூச்சு எப்படி மாறும், எதை எத்தனை நாளில் கற்றுக்கொள்ளும் என்பவையெல்லாம் அந்நாட்டு உடலியல் அறிஞர்களுக்கு நன்கு பழக்கமானவை.

சரி, நாய் என்று முடிவாயிற்று. நல்ல சாதி நாயாக வாங்கியிருக்கலாமே, ஏன் தெரு நாய்? மாஸ்கோவின் குளிர்காலத்தைக் கூரையில்லாமல் கழித்த நாய், பசியையும் குளிரையும் இரைச்சலையும் ஏற்கெனவே தாங்கிப் பழகியது என்பதே அவர்கள் கூறிய காரணம். இயற்கை முன்பே தேர்வு நடத்தி முடித்திருந்தது என்று சொல்லலாம். ராக்கெட்டில் இடம் குறைவு. ஆகையால் ஆறு ஏழு கிலோ எடைக்கு மேற்படாத சிறு நாய்களே வேண்டும். கழிவை அகற்றும் கருவியை உடலோடு பொருத்துவது எளிது என்பதால் பிற்காலத்தில் பெரும்பாலும் பெண் நாய்களையே எடுத்தார்கள். உட்புறக் காமிராவில் நன்றாகத் தெரியவேண்டுமே என்று வெளிர் நிற நாய்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான தகுதி ஒன்று இருந்தது. நாய் மனிதரிடம் சுமுகமாகப் பழகவேண்டும். கடிக்கும் நாயும், மூலையில் ஒடுங்கும் நாயும் பயன்படா. மாஸ்கோவிலிருந்த விமான மருத்துவ நிலையத்தில் இந்த நாய்களுக்கு உடை அணிவித்துப் பழக்கினார்கள். சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினார்கள். நாளுக்கு நாள் சிறிதாகிக்கொண்டே போகும் கூண்டுகளில், இருபது நாள்வரைகூட, அடைத்து வைத்தார்கள். கூழ் போன்ற ஓர் உணவை உண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். இத்தனையையும் ஒரு தெரு நாய் பொறுத்துக்கொண்டது என்றால், அருகில் நின்ற மனிதரை நம்பியதால்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் வீடு சேர்ந்தது

1951-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் அதிகாலை. கப்பூஸ்தின் யார் என்ற ராக்கெட் தளத்திலிருந்து தேஸிக், ஸிகான் என்ற இரு நாய்கள் புறப்பட்டன. ஸிகான் என்றால் நாடோடி என்று பொருள். தெரு நாய்க்கு நல்ல பொருத்தமான பெயர்தான். ராக்கெட் சுமார் 100 கிலோமீட்டர் உயரம் சென்றது. முனைப்பகுதி தனியே பிரிந்து, பாராசூட் விரிந்து, ஏறக்குறைய இருபது நிமிடத்தில் தரைக்கு வந்து சேர்ந்தது. தளத்தில் இருந்தவர்கள் கட்டுப்பாட்டை மறந்து அதை நோக்கி ஓடினார்கள். இரண்டு நாய்களும் உயிரோடு இருந்தன.

ஒரு வாரம் கழித்து தேஸிக் மறுபடியும் ஏற்றப்பட்டது. இம்முறை துணைக்கு லீஸா என்ற நாய். பாராசூட் விரியவில்லை. இரண்டும் மாண்டன.

அப்போது அப்பரிசோதனைகளுக்கான அரசாங்கக் குழுவின் தலைவராக இருந்தவர் அனத்தோலி பிளகன்ராவவ் என்ற முதுபெரும் விஞ்ஞானி. பிற்காலத்தில் விண்வெளி ஒத்துழைப்பு பற்றி அமெரிக்கர்களோடு பேச்சு நடத்தியவரும் இவரே. தேஸிக்கின் முடிவுக்குப் பிறகு ஸிகான் மீண்டும் பறக்கவில்லை. பிளகன்ராவவ் அதைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். 'நாடோடி'க்கு ஒரு முகவரி கிடைத்தது. பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். பறப்பதற்காகப் பழக்கி வைத்திருந்த போபிக் என்ற நாய் ஓடிப்போய்விட்டது. ராக்கெட் தயார், நாய் இல்லை. தளத்தின் குடியிருப்பைச் சுற்றித் திரிந்துகொண்டிருந்த ஒரு சின்னத் தெரு நாயைப் பிடித்து, எந்தப் பயிற்சியும் இல்லாமலே, ஏற்றிவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் ஸிப். 'காணாமற்போன போபிக்குக்குப் பதிலி' என்று பொருள்படும் ரஷ்யச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயர் அது! உடன் சென்ற நாயின் பெயரோ 'உருப்படாதவன்'. உருப்படாதவனும் பதிலியும் நலமாகப் போய்த் திரும்பினார்கள். இரு திங்கள் பயிற்சி பெற்ற நாய் செய்யும் காரியத்தை ஒரு நாள் நாயும் செய்துவிட்டது என்பது பயிற்சியாளர்களுக்குச் சற்று உறுத்தியிருக்க வேண்டும்.

செய்தித்தாளுக்கு ஒரு பெயர்

நாய்க்கூடத்தில் வைக்கும் பெயர்கள் பார்த்தவுடன் வாயில் வருபவை. சுருட்டை மயிர் இருந்தால் 'சுருட்டை', கடித்தால் 'கடிகாரி'. பறப்பது இரகசியமாக இருந்தவரை இதனால் தொல்லை இல்லை. ஆனால் பெயர் வானொலியில் ஒலிக்கவேண்டும், உலகப் பத்திரிகைகளில் அச்சாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, பெயர்கள் மாறத் தொடங்கின. கடிக்கும் குணத்தால் குசாச்கா என்று பெயர் பெற்ற நாய், பல முறை பறந்தபின் 'துணிச்சல்காரி' என்று பொருள்படும் அத்வாஷ்னயா ஆயிற்று. 1966-இல் 22 நாள் விண்வெளியில் இருந்த இரு நாய்களுள் ஒன்றின் பழைய பெயர் 'பனி உருண்டை'. அதன் நிறமோ கறுப்பு. ஆகவே 'கரித்துண்டு' எனப் பொருள்படும் உகல்யோக் என்று திருத்தினார்கள். 1961 மார்ச் 25-ஆம் நாள் பறந்த நாயின் பெயர் உதாச்சா, அதாவது 'அதிர்ஷ்டம்'. அதற்கு ஸ்வியோஸ்தச்கா, 'குட்டி நட்சத்திரம்', என்று புதுப்பெயர் சூட்டியவர் யூரி ககாரின். பதினெட்டு நாள் கழித்து ககாரினே பறந்தார்.

லைக்காவுக்கும் பெயர் மாற்றம் நடந்தது. குத்ரியாவ்கா என்றும் (சுருட்டைக்காரி), ஷூச்கா என்றும் (குட்டி வண்டு), லிமோஞ்சிக் என்றும் (குட்டி எலுமிச்சை) அதற்குப் பெயர்கள் இருந்தன. லைக்கா என்பது ரஷ்யாவின் வடபகுதி வேட்டை நாய் வகைகளுக்கு உரிய பொதுப் பெயர். குரைப்பது என்ற வினையிலிருந்து வந்தது. எந்த மொழிக்காரரும் எளிதில் சொல்லக்கூடிய இரண்டே எழுத்தசை. உலகம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. நம் ஊர்களிலும் எத்தனையோ நாய்களுக்கு அப்பெயர் வந்துவிட்டது.

1957 நவம்பர் 3-ஆம் நாள் ஸ்புட்னிக்-2 கிளம்பியது. திரும்பி வருவதற்கு அதில் எந்த ஏற்பாடும் இல்லை. அனுப்பியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். மருத்துவப் பகுதியின் தலைவர் விளாதிமீர் யாஸ்தவ்ஸ்கி, புறப்படுவதற்கு முன் ஒரு நாள் லைக்காவைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். குழந்தைகள் அதனோடு விளையாடினார்கள். வாழ்நாள் குறைந்துவிட்ட அந்த நாய்க்கு ஏதேனும் நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியதாகப் பின்னாளில் அவர் எழுதினார். அதைப் பழக்கிய குழுவில் இருந்த அதீலியா கத்தோவ்ஸ்கயா, கடைசியாகத் தடவிக் கொடுத்தபோது அழுது, நாயிடம் மன்னிப்புக் கேட்டதாக முதுமையில் கூறினார். பல நாள் உயிரோடிருந்து நோவின்றி இறந்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை உண்மையன்று. கலத்தில் வெப்பம் மிகுந்து, புறப்பட்ட சில மணி நேரத்திலேயே லைக்கா இறந்துவிட்டது என்பதை 2002-ஆம் ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி திமீத்ரி மலஷென்கவ் வெளியிட்டார். நான்கு பெயர்கள் கொண்ட அந்த நாய்க்குக் குடும்பம் என்று ஒன்று கிடைத்தது ஒரே ஒரு நாள்தான்.

நாய்க்குப் பெயர் என்பது என்ன?

இத்தனை பெயர் மாற்றங்கள் நாயைக் குழப்பியிருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

நமக்குப் பெயர் என்பது நாம் யார் என்பதன் அடையாளம். 'நான் முருகன்' என்று ஒரு பையன் நினைத்துக்கொள்கிறான். நாய் அவ்வாறு 'நான் மணி' என்று நினைத்துக்கொள்வதாகக் கருத இடமில்லை. அதற்குப் பெயர் என்பது ஓர் ஒலி. அந்த ஒலி வந்தால் அடுத்து நமக்கு ஏதோ நடக்கப் போகிறது. சோறு வரலாம், வெளியே கூட்டிப்போகலாம், கை தடவலாம். பாவ்லவின் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஒலிக்கும் உணவுக்கும் ஏற்பட்ட தொடர்பு போன்றதே இதுவும். ஒலி முதலில் வரவேண்டும், நல்லது உடனே பின்தொடர வேண்டும், இது பலமுறை நடக்கவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. ஒரு தொடர்பு ஏற்படுவது போலவே இன்னொன்றும் ஏற்படும். ஆகையால் இரண்டாவது பெயரும் மூன்றாவது பெயரும் நாய்க்குப் பெரும் பாரமல்ல.

அப்படியானால் பெயரை நாய் அரைகுறையாகத்தான் கேட்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், பல பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலுக்கு நடுவே நாயின் பெயரையும், அதே ஓசை அளவுள்ள மற்ற நாய்ப் பெயர்களையும் ஒலிக்கச் செய்து பார்த்தார்கள். அழைப்பவர் முன்பின் தெரியாதவர். இரைச்சலும் பெயரும் சம அளவில் இருந்தபோதும் நாய்கள் தம் பெயரைப் பிரித்து அறிந்தன. இரைச்சல் பெயரை விஞ்சியபோதுதான் தவறின. சந்தைக்கடை நடுவில் யாரோ நம் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கிறோமே, அதே திறமை.

வீட்டுக்கு வந்த நாய்க்குப் பெயர் மாற்ற விரும்பினால் செய்ய வேண்டியதும் இதிலிருந்தே தெரியும். புதுப்பெயரைச் சொல்லுங்கள், நாய் திரும்பிய அக்கணமே ஒரு சிறு தீனி கொடுங்கள். பழைய பெயர் தெரிந்திருந்தால் சில நாள் இரண்டையும் சேர்த்துச் சொல்லி, பிறகு பழையதை விட்டுவிடலாம். பெயரைச் சொல்லித் திட்டக் கூடாது. ஒரு கையால் தீனியும் மறுகையால் அடியும் வரும் ஒலிக்கு எந்த நாயும் ஓடி வராது. பழைய பெயரைச் சொல்லி யாரோ அதை அடித்திருந்தால், புதுப்பெயர் வைப்பதே நலம்.

பெயர் கற்பது இவ்வளவு எளிது. வீட்டில் பொருந்துவது இவ்வளவு எளிதா? அதற்கு ஒரு நாயின் கதையைச் சொல்கிறேன்.

சைபீரியப் பனியில் நான்கு நாட்கள்

1960 ஆகஸ்டு 19-ஆம் நாள் பெல்கா, ஸ்திரெல்கா என்ற இரு நாய்கள் பூமியைச் சுற்றிவிட்டு மறுநாள் உயிரோடு திரும்பின. சுற்றுப்பாதைக்குச் சென்று உயிருடன் மீண்ட முதல் நாய்கள் இவையே. உலகமே கொண்டாடியது. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்ற வேறு இரு நாய்கள் திரும்பும் வழியில் மாண்டன. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 22-ஆம் நாள், இன்னொரு ராக்கெட் கிளம்பியது. அதில் இருந்த நாய்கள் தாம்காவும் கிராசவ்காவும். முன்னதற்குச் சீமாட்டி என்றும் பின்னதற்கு அழகி என்றும் பொருள் கொள்ளலாம்.

ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு பழுதாகிவிட்டது. கலம் சுற்றுப்பாதையை எட்டாமல், சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றுப் பகுதியில் பனி மூடிய காட்டுக்குள் விழுந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கும் அதிகமான குளிர். கலத்தில் ஒரு வெடிகுண்டும் இருந்தது. வேறு நாட்டார் கையில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, 60 மணி நேரத்தில் தானே வெடிக்கும்படி வைத்த குண்டு அது. நாய்கள் இருந்த பெட்டி கலத்திலிருந்து வெளியே தூக்கி எறியப்பட்டு, பாராசூட்டில் தனியே இறங்கியிருக்க வேண்டும். அந்தப் பொறியும் வேலை செய்யவில்லை.

பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வந்த பழுதுகள் ஒன்றையொன்று எப்படி வெட்டிக்கொண்டன! பெட்டி வெளியே வீசப்படாததால் நாய்கள் கலத்தின் கனத்த சுவருக்குள்ளேயே இருந்தன. குளிர் உடனே தாக்கவில்லை. குண்டும் வெடிக்கவில்லை.

அர்வீது பல்லோ என்பவர் தலைமையில் சென்ற மீட்புக் குழு முதல் முறை கலத்தை அடைந்தபோது இருட்டும் நேரம். சன்னல்களில் உறைபனி படர்ந்திருந்தது. உள்ளே உயிர் இருப்பதற்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை. மறுநாள் வந்து குண்டைச் செயலிழக்கச் செய்து பெட்டியை நெருங்கியபோது, உள்ளிருந்து நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. உடன் வைத்திருந்த சிறு உயிர்கள் குளிரில் இறந்துபோயிருந்தன. நாய்கள் இரண்டும் உயிரோடு இருந்தன. ஆட்டுத்தோல் மேலங்கியில் சுற்றி அவற்றை விமானத்தில் மாஸ்கோவுக்குக் கொண்டு வந்தார்கள்.

இந்தப் பயணம் அப்போது உலகுக்கு அறிவிக்கப்படவில்லை. அதனால் ஒரு விசித்திரம். இந்த நாய்களின் பெயர்கள் இன்றுவரை ஒன்றாக நிலைபெறவில்லை. தாம்காவை ஷூத்கா என்றும், கிராசவ்காவைக் கொமேத்கா என்றும் ஷூல்கா என்றும் வெவ்வேறு பதிவுகளில் காண்கிறோம். செய்தித்தாளில் ஏறியிருந்தால் ஒரு பெயர் வென்று மற்றவை மறைந்திருக்கும். இவை எந்தச் செய்தித்தாளிலும் ஏறவில்லை.

கிராசவ்காவைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனவர் ஒலெக் கஸென்கோ. இவரே விண்வெளி நாய்களின் தேர்வையும் பயிற்சியையும் முன்னின்று நடத்திய உடலியல் அறிஞர். பெல்காவையும் ஸ்திரெல்காவையும் இரு கைகளிலும் உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அவர்தான் இவர். லைக்காவைப் பழக்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கிராசவ்கா அவர் குடும்பத்தோடு 14 ஆண்டுகள் வாழ்ந்தது. குட்டிகளும் போட்டது. மாஸ்கோவின் எந்தத் தெருவிலிருந்தோ வந்த நாய், தன்னைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிய மனிதரின் வீட்டிலேயே மூப்படைந்து இறந்தது.

அந்த மனிதரையே அது எப்படி நம்பியது? இங்குதான் முன்னே நினைவில் வைக்கச் சொன்னது தேவைப்படுகிறது.

பொருந்துவதின் உடலியல்

புதிய இடத்துக்கு வந்த நாயின் இரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுகிறது. இது மன அழுத்தத்தின்போது சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து வருவது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து நாய்க் காப்பகம் ஒன்றில் நடந்து 1997-இல் வெளிவந்த ஆய்வில், வந்து முதல் மூன்று நாட்களான நாய்களுக்கு இது உயர்ந்தும், ஒன்பது நாட்களுக்கு மேலானவற்றுக்குக் குறைந்தும் காணப்பட்டது. ஆகவே புது நாய் முதல் சில நாட்கள் உண்ணாமல், கட்டிலுக்கடியில் கிடந்தால், அதைப் பிடிவாதம் என்றோ நன்றியின்மை என்றோ எண்ண வேண்டாம். அதன் உடல் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அந்நாட்களில் உறவினர்களை வரவழைத்து நாயைக் காட்டுவதும், குளிப்பாட்டுவதும், ஆளாளுக்குத் தூக்குவதும் தவிர்க்க வேண்டியவை. ஒரே நேரத்தில் உணவு, ஒரே இடத்தில் படுக்கை, ஒருவர் கையால் கவனிப்பு; இவை போதும்.

இன்னொரு பக்கம் வியப்பானது. ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகர விஞ்ஞானிகள் காப்பகங்களிலிருந்த வளர்ந்த நாய்களை எடுத்து ஆராய்ந்தார்கள். இவை மனிதத் தொடர்பு மிகக் குறைவாகக் கிடைத்த நாய்கள். ஓர் ஆள் மூன்று நாட்களில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் மட்டும் அதோடு இருந்து, தடவி, விளையாடினார். பிறகு, குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளக்கப் பயன்படும் சோதனையை ஒத்த ஒன்றை நாய்களுக்கு வைத்தபோது, அந்த ஆளிடம் அவை தனிப்பட்ட பற்றுதலைக் காட்டின. மொத்தம் அரை மணி நேரம்! 2001-இல் இது வெளியாயிற்று.

மாஸ்கோ நிலையத்தாருக்கு இந்த அளவீடுகள் இல்லை. ஆனால் செய்தி தெரியும். தெருவில் கிடந்த நாய் மனிதனுக்காகக் காத்திருக்கிறது. அரை மணி நேர அன்புக்கு அது தன்னையே கொடுத்துவிடுகிறது. சிறு கூண்டுக்குள் அசையாமல் உட்காரச் செய்ததும் இந்தக் குணமே. கஸென்கோ வீட்டு வாசலில் அவர் வருகைக்குக் காத்திருக்கச் செய்யக்கூடியதும் இதே குணமே. நாயின் பக்கத்தில் இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு முழுவதும் மனிதனுடையது. நாய்கள் விண்வெளிக்குத் 'தொண்டு' செய்தன என்று பழைய கட்டுரைகளில் எழுதுவார்கள். தொண்டு செய்பவருக்குத் தாம் செய்வது இன்னதென்று தெரியும். ஆகையால் அந்தச் சொல் இங்கே பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

கஸென்கோவுக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம். 1998-ஆம் ஆண்டு, தம் 79-ஆம் வயதில், லைக்காவைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். காலம் போகப் போக வருத்தம் கூடுவதாகவும், அந்த நாயின் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு அந்தப் பயணத்திலிருந்து தாங்கள் கற்றுக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். விண்வெளி மருத்துவத்தில் வாழ்நாளைக் கழித்து, அந்நாட்டின் உயிர்மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு தலைவராக இருந்த ஒருவரின் வாயிலிருந்து இது வந்தது.

பெயர் மாறாத ஒன்று

பெயர் மாறிய நாய்களைப் பார்த்தோம். நாடு மாறி, மொழி மாறி, பெயர் மட்டும் மாறாத ஒன்றும் உண்டு.

விண்வெளியிலிருந்து திரும்பிய ஸ்திரெல்கா, தரையில் நடந்த சோதனைகளில் கலந்துகொண்ட பூஷக் என்ற ஆண் நாயோடு சேர்ந்து ஆறு குட்டிகளை ஈன்றது. 1961 ஜூனில் வியன்னா நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷேவும் சந்தித்தார்கள். விருந்தில் குருஷேவின் அருகில் அமர்ந்திருந்த கென்னடியின் மனைவி ஜாக்குலின், ஸ்திரெல்காவைப் பற்றிப் பேச்சுவாக்கில் விசாரித்தார். சில நாட்களில் குட்டிகளில் ஒன்று வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தது. அதன் பெயர் புஷின்கா. பஞ்சு போன்றது என்று பொருள்.

வெள்ளை மாளிகைக்குள் விடுவதற்கு முன் அதை இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுபோய், உடலுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி ஏதும் மறைத்திருக்கிறதா என்று சோதித்தார்களாம். புது வீட்டுக்குப் போகும் எந்த நாய்க்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

சோதனையில் தேறிய புஷின்காவைக் கவனித்துக்கொண்டவர் டிரேஃபஸ் பிரையன்ட். மாளிகையில் மின்சார வேலை பார்த்தவர். நாய்களைப் பார்த்துக்கொள்வதையும் சேர்த்துச் செய்தார். கென்னடியின் மகள் கேரலைனுக்குத் தோட்டத்தில் ஒரு விளையாட்டு வீடு இருந்தது; ஏணியில் ஏறி, சறுக்குப் பலகையில் இறங்கலாம். படிக்கு ஒரு வேர்க்கடலை வைத்து, பிரையன்ட் புஷின்காவை ஏணி ஏறப் பழக்கினார். தீனியும் பொறுமையும் ஒரே ஆளும். ரஷ்ய மொழி கேட்டு வளர்ந்த நாய்க்கு ஆங்கிலம் தடையாகவில்லை.

அங்கிருந்த சார்லி என்ற வெல்ஷ் டெரியர் நாயோடு புஷின்காவுக்குச் சிநேகம் ஏற்பட்டு, 1963 ஜூனில் நான்கு குட்டிகள் பிறந்தன. பட்டர்ஃபிளை, ஒயிட் டிப்ஸ், பிளாக்கி, ஸ்ட்ரீக்கர் என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். ஸ்புட்னிக் என்ற சொல்லோடு சேர்த்துக் கென்னடி அவற்றைப் 'பப்னிக்' என்று வேடிக்கையாக அழைத்தார். குட்டி வேண்டும் என்று நாடெங்கிலுமிருந்து குழந்தைகள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். இரண்டு குட்டிகள் அவ்வாறு எழுதிய குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டன.

அவ்வாண்டு நவம்பரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். குடும்பம் வெள்ளை மாளிகையைவிட்டு வெளியேறியது. புஷின்காவை மாளிகைத் தோட்டத்தைப் பராமரித்தவர் ஒருவர் எடுத்துச் சென்றார். அவரிடம் அது இன்னும் ஒருமுறை குட்டி போட்டது.